எழுபதாவது பிறந்தநாளுக்கு எந்த உணவகம்? மூன்று யோசனை, மூன்று சண்டை

மழைக்காகம்

அம்மாவுக்கு அடுத்த மாதம் எழுபது வயது நிறைகிறது. மொத்தம் பதினான்கு பேர். இளையவனுக்கு ஆறு வயது. மூத்தவர் பெரிய மாமா, எண்பதைத் தாண்டியவர், வாக்கர் பிடித்து நடக்கிறார். நகரத்துக்குள் ஒரு நல்ல உணவகத்தில் சாப்பிடுவது என்பது வரைக்கும் ஒற்றுமை. எங்கே என்று வந்ததும் உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொரு திசை.

தம்பி சொல்வது விருது வாங்கிய, பேர்போன ஒரு உணவகம். மெனுவை அவர்களே தீர்மானித்துப் பத்துப் பன்னிரண்டு சுற்றாகச் சின்னச் சின்னத் தட்டுகளில் கொண்டுவருவார்கள். அக்கா சொல்வது கோபுரத்து உச்சியில் சுழலும் உணவகம். நான் சொல்வது அம்மாவுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு இடம், பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை, ஆனால் பணியாளர்களுக்கு அம்மாவைத் தெரியும். அம்மாவைக் கேட்டால் "எங்கேயானாலும் சரி, எதுக்கு இவ்வளவு செலவு" என்கிறார். சனிக்கிழமை இரவு என்று நினைத்திருக்கிறோம். அவருக்குச் சொல்லாமலே அழைத்துப் போய் அசத்தலாமா என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. உங்கள் ஓட்டு எதற்கு? காரணத்தோடு சொல்லுங்கள், அப்படியே வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒட்டப்போகிறேன்.

எட்டாவது மாடி

தம்பிக்கு என் ஓட்டு. வழக்கமாகப் போகிற இடத்துக்கே அன்றைக்கும் போனால் அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அடுத்த வருஷம் யாருக்கும் நினைவிருக்காது. வாழ்நாள் முழுக்க வீட்டில் சமைத்தவரை, அவரால் வீட்டில் செய்யவே முடியாத ஒன்றின் முன்னால் உட்காரவைப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. பத்துச் சுற்று என்றால் பத்து முறை தட்டு வரும், பத்து முறை "இது என்னவாக இருக்கும்" என்று எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். பேச விஷயம் இல்லாத குடும்பத்துக்குக்கூட அங்கே பேச்சு கிடைத்துவிடும்.

விருது வெறும் அலங்காரமும் இல்லை. உணவகங்களுக்கு நட்சத்திரம் தருகிற மிஷெலின் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு டயர் நிறுவனம் ஒன்று 1900இல் கார் ஓட்டுகிறவர்களுக்காகத் தொடங்கியது அது. 1926இல் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள், 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலை வந்தது. இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டாவது போகலாம், மூன்று என்றால் அதற்காகவே ஒரு பயணம் கிளம்பலாம் என்று அர்த்தம். ஆய்வாளர்கள் தாங்கள் யார் என்று சொல்லாமல் போய், காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள். எழுபது வருஷத்துக்கு ஒரு முறை அப்படி ஒரு பயணம் போனால் என்ன?

குறுக்குக்கேள்வி

அந்தக் கையேட்டையே இன்னும் கொஞ்சம் புரட்டுங்கள். பொருள்களின் தரம், சமையல் நுட்பம், சுவைகளின் இசைவு, சமையல்காரரின் தனி முத்திரை, எப்போது போனாலும் மாறாத தரம். நட்சத்திரத்துக்கு இந்த ஐந்தைத்தான் பார்க்கிறார்கள். நாற்காலியின் சாய்வு, அறையின் சத்தம், கழிப்பறைக்குப் போகிற வழியில் படி இருக்கிறதா, எதற்கும் மதிப்பெண் கிடையாது. மாமாவின் வாக்கருக்கு நட்சத்திரம் இல்லை, எட்டாவது மாடி அண்ணா.

இணையத்தில் நாலரை, நாலே முக்கால் என்று வருகிற மதிப்பெண்ணையும் நம்பிவிடாதீர்கள். லண்டனில் ஊபா பட்லர் என்கிற எழுத்தாளர் 2017இல் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்கிற மதிப்பீட்டுத் தளத்தில் பதிவு செய்தார். நண்பர்களை வைத்துப் புகழ்ந்து எழுதவைத்தார். கொஞ்ச மாதத்தில் அந்நகரத்தின் ஆயிரக்கணக்கான உணவகங்களைத் தாண்டி அது முதலிடத்துக்கு வந்துவிட்டது. அங்கே அதுவரை ஒருவர்கூடச் சாப்பிட்டதில்லை. இடம் கேட்டு ஃபோன் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

எட்டாவது மாடி

அது நட்சத்திரத்துக்கு எதிரான வாதமா? யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய தளத்தைத்தான் அவர் ஏமாற்றினார். அதற்கு நேரெதிரான முறை மிஷெலின். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

ஓரத்து நாற்காலி

விருதை விடுங்கள். காதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். சனிக்கிழமை இரவு நிரம்பி வழிகிற உணவகம் 80ஐத் தொடுவது சர்வ சாதாரணம். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார். இதை 1911இல் எழுதிவைத்த பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் பெயரால் லொம்பார் விளைவு என்கிறார்கள். ஒரு மேசை குரலை உயர்த்த, பக்கத்து மேசை இன்னும் உயர்த்த, ஒன்பது மணிக்குள் கூடம் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். கண்ணாடிச் சுவர், வெறும் கான்கிரீட் கூரை, துணி விரிக்காத மேசை, இவையெல்லாம் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் சத்தத்தை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அனுப்பும். கம்பளம், திரைச்சீலை, மெத்தை வைத்த இருக்கை இருக்கிற இடங்கள் எவ்வளவோ தேவலை.

வயதானவர்களுக்கு முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள். உயிரெழுத்து கேட்கும், சில மெய்யெழுத்துகள் நழுவிவிடும். ஆகவே "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்பார்கள். அறுபது தாண்டியவர்களில் கால் பங்குக்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் பதினான்கு பேரில் அறுபது தாண்டியவர்களை எண்ணிப்பாருங்கள். விழா நாயகியே அதில் ஒருவராக இருக்கலாம்.

மழைக்காகம்

நீங்கள் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறீர்களா என்ன? அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்தான், ஒத்துக்கொள்ள மாட்டார். எல்லாரும் சிரிக்கும்போது கூடச் சிரித்துவிட்டு, காரில் ஏறியதும் "அவன் என்னடா சொன்னான்?" என்று கேட்பார்.

ஓரத்து நாற்காலி

அதைத்தான் சொல்கிறேன். விலை உயர்ந்த இடத்தில் மூன்று மணி நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எட்டாவது மாடி

நல்ல வாதம், ஆனால் தப்பான ஆளை அடிக்கிறது. நட்சத்திர உணவகங்களில்தான் மேசைக்கு மேசை இடைவெளி விடுவார்கள், பெரும்பாலும் மெல்லப் பேசுகிற கூட்டம், இசை வைத்தாலும் அடக்கமாக வைப்பார்கள். சத்தம் அதிகமாக இருக்கப் போவது மழைக்காகத்தின் "பழக்கமான" இடத்தில்தான். சனிக்கிழமை இரவு அங்கே போய்ப் பார்த்திருக்கிறாரா? சாதாரணமாக அம்மாவை எந்த நேரத்தில் அழைத்துப் போவார்?

மழைக்காகம்

வார நாளில், மதியத்தில். சனிக்கிழமை இரவு போனதில்லை.

குறுக்குக்கேள்வி

அண்ணா இந்தச் சுற்றில் ஜெயித்துவிட்டார். எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி நடக்காது.

ஓரத்து நாற்காலி

சரி, நியாயமான அடிதான். ஆனால் மெல்லப் பேசுகிற கூட்டத்துக்கு நடுவில் ஆறு வயதுப் பையனைப் பன்னிரண்டு சுற்று உட்காரவைப்பது யார்? நாலாவது சுற்றிலேயே அவன் மேசைக்கு அடியில் இருப்பான். அவனை "ஷ்ஷ்" என்று அடக்குவதிலேயே அவனுடைய அம்மாவுக்கு ராத்திரி போய்விடும். அமைதியான இடத்தில் சத்தம் போடுகிற மேசை நம்முடையது என்று தெரிந்தால் பாட்டிக்கும் சாப்பாடு இறங்காது.

முன்னாள் மேலாளர்

உணவகங்களில் கூடத்தைப் பார்த்துக்கொண்ட வேலை எனக்கு. உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் சண்டைக்கு உதவும்.

பதினான்கு பேர் மேசை என்பது சமையலறைக்கு ஒரே டிக்கெட், அதாவது ஒரே ஆர்டர் சீட்டு. எல்லார் தட்டும் ஒரே நேரத்தில் சூடாக வெளியே வரவேண்டும். அதற்காக மற்ற மேசைகளின் ஆர்டரைக் கொஞ்சம் நிறுத்திவைப்பார்கள். அதைச் சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்குச் செய்தால் உங்களுக்கும் தாமதம், மற்றவர்களுக்கும் தாமதம். பெரிய குழுவுக்கு முன்கூட்டியே தீர்மானித்த மெனுவைத்தான் கொடுப்போம் என்று நிறைய இடங்கள் அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம். உங்களைப் பிழிவதற்காக மட்டும் இல்லை.

சுற்றுச் சுற்றாக வரும் மெனுவில் இன்னொன்று. மேசையில் உட்கார்ந்திருக்கிற எல்லாரும் அதையே எடுக்கவேண்டும் என்று பல இடங்களில் விதி வைத்திருப்பார்கள். பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு வேறு என்றால் நேரம் ஒத்துப்போகாது. யாருக்காவது ஒவ்வாமை இருந்தால், மருத்துவர் எதையாவது தவிர்க்கச் சொல்லியிருந்தால், அன்றைக்குப் போய்ச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. பல பண்டங்களின் அடிப்படைக் குழம்புகள் முந்தைய நாளே தயாராகியிருக்கும், அதிலிருந்து எதையும் பிரித்து எடுக்க முடியாது. முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள், இரண்டு நாள் முன்னால் மறுபடி ஃபோனில் நினைவுபடுத்துங்கள்.

அப்புறம், இரவு நேரத்தை இரண்டு அமர்வாகப் பிரித்து விற்கிற இடமா என்று கேளுங்கள். ஏழு மணி முன்பதிவு என்றால் ஒன்பது மணிக்கு அந்த மேசைக்கு வேறு ஆள் காத்திருப்பார். கேக் வெட்டுகிற நேரத்தில் யாராவது பில் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து நின்றால் என்ன அர்த்தம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

எட்டாவது மாடி

அனுபவஸ்தர் சொல்கிறார், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன் சார். உங்கள் சொந்தச் செலவில், உங்கள் அம்மாவுக்கு, இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

முன்னாள் மேலாளர்

பதினான்கு பேருக்கா? நட்சத்திர இடம் நிச்சயம் இல்லை. நான்கு பேருக்கு என்றால் யோசிக்காமல் நட்சத்திர இடம்.

பகல்கனவு

கோபுரத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. அக்கா பாவம்.

குறுக்குக்கேள்வி

பேசலாமே. ஜெர்மனியின் டார்ட்மண்ட் கோபுரத்தில் 1959இலேயே சுழலும் உணவகம் வந்துவிட்டது. சியாட்டிலின் ஸ்பேஸ் நீடில் 1962. அங்கே இருந்த பழைய உணவகத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு 47 நிமிடம் ஆனது. மெதுவானதுதான், தலை சுற்றாது என்பார்கள். ஆனால் பெரும்பாலான இடங்களில் சுழல்வது மேசைகள் இருக்கிற வளையம் மட்டும்தான். ஜன்னல் விளிம்பு அசையாது. கைப்பையை அந்த விளிம்பில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தீர்கள் என்றால், பை அங்கேயே இருக்கும், நீங்கள் நகர்ந்துபோய்விடுவீர்கள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்கள்.

அதுகூட வேடிக்கை. வேடிக்கை இல்லாதது கழிப்பறை. அது நடுவில் அசையாத தண்டுப் பகுதியில் இருக்கும். மாமா வாக்கரோடு அசையும் தரையிலிருந்து அசையாத தரைக்கு ஒரு எட்டு வைத்துப் போகவேண்டும். திரும்பி வரும்போது மேசை விட்ட இடத்தில் இருக்காது. பதினான்கு பேர் மேசை ஜன்னல் ஓரத்தில் கிடைப்பதும் சந்தேகம், வளைய வடிவில் அந்த அளவுக்கு இடம் இருக்காது. பாதிப் பேர் காட்சியைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் அவர்களுடைய முகத்தைப் பார்ப்பார்கள்.

மழைக்காகம்

இதை அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு தனி விவாதம் தொடங்கவேண்டும்.

ஓரத்து நாற்காலி

இடம் எதுவானாலும் மேசையைக் கவனியுங்கள். ஒருவருக்கு 60 செ.மீ. என்று வைத்தால், பதினான்கு பேருக்கு நீள மேசை நாலேகால் மீட்டர் வரும், இரண்டு பக்கமும் ஏழு ஏழு பேர். அம்மா நடுவில் உட்கார்ந்தாலும் கோடியில் இருப்பவர் சுமார் இரண்டு மீட்டர் தூரத்தில். வட்ட மேசை போடலாமே என்பீர்கள். பதினான்கு பேருக்கு வட்டம் என்றால் விட்டம் சுமார் 2.7 மீட்டர், எதிரில் இருப்பவரிடம் தூதுதான் அனுப்பவேண்டும். எட்டுப் பேர் மேசை ஒன்றரை மீட்டர்தான். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும், அறைக்குள் எதிரொலி சேர்வதால் கொஞ்சம் குறைவாகக் குறையலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு விஷயம். மனிதர்கள் இயல்பாகச் சேர்ந்து பேசும் குழு நான்கு பேரைத் தாண்டினால் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும் என்று உளவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 1995இல் எழுதியிருக்கிறார்கள். எந்த விருந்திலும் கவனித்துப் பாருங்கள், ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு இரண்டாகும். ஆகவே பதினான்கு பேர் ஒரே மேசையில் "சேர்ந்து" சாப்பிடுவது என்பதே படத்துக்கு மட்டும்தான். ஏழு ஏழாக இரண்டு வட்ட மேசை கேளுங்கள்.

எட்டாவது மாடி

இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். குடும்பத்தை இரண்டாகப் பிரித்து உட்காரவைத்தால் அம்மா இருக்கிற மேசை முதல் மேசை, மற்றது இரண்டாம் மேசை. யார் எதில் என்று முடிவு செய்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குப் பேச்சு ஓடும். மருமகள்களைக் கேட்டுப் பாருங்கள். டெசிபலுக்குப் பயந்து மனஸ்தாபத்தை விலைக்கு வாங்கச் சொல்கிறீர்கள்.

பகல்கனவு

இதில் எட்டாவது மாடியோடு நானும். எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. விவரம் வேண்டாம்.

ஓரத்து நாற்காலி

அம்மாவை ஒரே இடத்தில் ஆணியடித்து வைக்காதீர்கள். பாதிச் சாப்பாடு ஒரு மேசையில், கேக்குக்கு முன்னால் மற்ற மேசைக்கு மாறட்டும். பக்கத்து நாற்காலி மட்டும் யாருக்கு என்று முன்பே தீர்மானித்தால் போதும்.

முன்னாள் மேலாளர்

மாறுவது நடக்கும், ஆனால் பணியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இனிப்புத் தட்டு பழைய நாற்காலிக்குப் போய் நிற்கும். தனி அறை கேட்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தனி அறையில் பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று வைத்திருப்பார்கள், நீங்கள் சாப்பிட்டது அதைவிடக் குறைவானாலும் அதைக் கட்டவேண்டும். அறையைக் கண்ணால் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். சின்ன அறை, நாலு பக்கமும் வெறும் சுவர், பதினான்கு பேர், அதில் ஒரு சிறுவன். பொதுக் கூடத்தைவிட அதிகம் எதிரொலிக்கும்.

வாக்கருக்குச் சக்கர நாற்காலிக்கான அளவையே வைத்துக்கொள்ளுங்கள்: கதவு இடைவெளி குறைந்தது 80 செ.மீ. இருக்கவேண்டும், திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். ஃபோனில் "வசதி இருக்கா" என்று கேட்டால் எல்லாரும் இருக்கு என்பார்கள். "வாசலில் எத்தனை படி, கழிப்பறை எந்தத் தளத்தில்" என்று கேளுங்கள்.

குறுக்குக்கேள்வி

நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிற இடமா, ஆளுக்கொரு தட்டு வருகிற இடமா என்பதையும் சேருங்கள். ஐரோப்பிய விருந்துகளிலேயே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்புவதுதான் பழைய வழக்கம். ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து பரிமாறுகிற "ரஷ்ய முறை" பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அங்கே நிலைத்தது. பகிர்ந்து சாப்பிட்டால் கலகலப்பு, ஆனால் எட்டி எடுக்க முடியாதவர்கள் பக்கத்து ஆளை நம்பி இருக்கவேண்டும். ஆளுக்கொரு தட்டு என்றால் அந்தக் கஷ்டம் இல்லை, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பேச்சை நிறுத்தி விளக்கம் கேட்கவேண்டும்.

பகல்கனவு

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் மதிய உணவுக் கட்சி. சனிக்கிழமை இரவு என்று யார் முடிவு செய்தது? ராத்திரி பத்து மணிக்கு எண்பது வயதுக்காரரும் ஆறு வயதுக்காரனும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள், தூக்கத்தில். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குப் போகிற ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மெனு அட்டையை ஃபோன் விளக்கு பிடித்துப் படிக்கிற பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். மதியம் என்றால் ஜன்னல் வெளிச்சம் இலவசம், கூட்டம் குறைவு, சமையலறைக்கும் மூச்சுவிட நேரம் இருக்கும். இதே விருது உணவகங்களில் பலவும் மதியத்துக்குச் சின்ன மெனு வைத்திருக்கும். தம்பிக்கும் பாதி திருப்தி.

எட்டாவது மாடி

மதியம் என்றாலே அலுவலகச் சந்திப்பு வாசனை வந்துவிடுகிறது. ராத்திரி உடுத்திக்கொண்டு கிளம்புவதில் இருக்கிற ஒரு இது மதியத்தில் கிடையாது. இதை டெசிபலில் அளக்க முடியாது.

ஓரத்து நாற்காலி

அளக்க முடியாததைப் பற்றிப் பேசுவதென்றால் சுவையைப் பற்றியும் பேசுவோம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015இல் செய்த ஆய்வில், விமானத்துக்குள் இருக்கும் அளவு சத்தத்தைக் காதில் போட்டுக்கொண்டு ருசி பார்த்தவர்களுக்கு இனிப்பு மங்கித் தெரிந்தது, தக்காளி, காளானில் இருக்கிற உமாமி என்கிற சுவை மட்டும் தூக்கலாகத் தெரிந்தது. அந்தச் சத்தம் 85 டெசிபல் அளவில். நிரம்பிய கூடத்துக்கு ரொம்ப தூரம் இல்லை. உணவுக்காகவே போகிறவரும் சத்தத்தைப் பார்க்கத்தான் வேண்டும்.

மழைக்காகம்

சரி, அம்மாவுக்குச் சொல்லாமல் அழைத்துப் போவது பற்றி?

எட்டாவது மாடி

சொல்லாதீர்கள். கேட்டால் எல்லா அம்மாக்களும் மலிவான இடத்தைத்தான் காட்டுவார்கள். உங்கள் அம்மா ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார். அவர் விரும்புவதையா சொல்கிறார்? பிள்ளைகளின் பர்ஸைக் காப்பாற்றுகிறார். பெரிய பரிசை யாரும் அனுமதி கேட்டுக் கொடுப்பதில்லை.

குறுக்குக்கேள்வி

எழுபது வயதுக்காரரை எங்கே என்று சொல்லாமல் காரில் ஏற்றினால், போட்டிருக்கிற செருப்பு, எடுத்துக்கொள்ளவேண்டிய மாத்திரை, யார் முன்னால் எந்தப் புடவை, எல்லாவற்றிலும் அவருக்கு ஏமாற்றம். கதவைத் திறந்ததும் எல்லாரும் கத்துவது பார்க்கிறவர்களுக்குத்தான் சந்தோஷம்.

ஓரத்து நாற்காலி

எட்டாவது மாடி சொல்வதில் பாதி சரி. "எங்கே" என்று கேட்டால் உண்மையான பதில் வராது. கேள்வியை மாற்றுங்கள். "அன்றைக்கு உங்கள் பக்கத்தில் யார் உட்காரவேண்டும்?" என்று கேளுங்கள். அதற்குச் செலவு கிடையாது, ஆகவே மழுப்பமாட்டார். யார் பெயரைச் சொல்கிறாரோ அவர்களால் வரமுடிகிற நேரம், ஏறமுடிகிற படி, கேட்கமுடிகிற அறை. உணவகம் தானாகவே அகப்படும். சமையல் அதற்கப்புறம்.

எட்டாவது மாடி

சமையல் அதற்கப்புறம் என்றால் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துவிடலாமே?

ஓரத்து நாற்காலி

அங்கே எதிரொலி இன்னும் மோசம்.

முன்னாள் மேலாளர்

ஹா. சண்டை நடக்கட்டும், நடுவில் பில் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் 1993இல் ஒரு சோதனை செய்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் கையை ஒரு நிமிடம் வைத்திருப்பது ஒன்று. அதே ஒரு நிமிடத்தோடு, தண்ணீர் ஒரே ஒரு பாகை சூடேறும் இன்னும் அரை நிமிடம் வைத்திருப்பது இன்னொன்று. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலானோர் நீளமானதைத்தான் சொன்னார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். நான் பார்த்த வரைக்கும் விருந்துகளும் அப்படித்தான். சாப்பாடு அருமையாக இருந்தும், கடைசி இருபது நிமிடம் யார் பணம் கொடுப்பது என்ற இழுபறியில் முடிந்த இரவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மா முன்னால் பில் வரவே கூடாது. முதல் நாளே அட்டை எண்ணைக் கொடுத்துவிடுங்கள், அல்லது நடுவில் எழுந்து போய்க் கட்டிவிடுங்கள். விருந்தினர்களுக்கு விலை போடாத மெனு அட்டை கேட்டால் பல இடங்களில் அச்சடித்துத் தருவார்கள். "எதுக்கு இவ்வளவு செலவு" என்கிற அம்மாவுக்கு அதைவிட நல்ல பரிசு இல்லை.

எட்டாவது மாடி

விலை போடாத அட்டை. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மழைக்காகம்

இரண்டு நாளாக ஆளைக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். கேட்டுவிட்டேன். பக்கத்தில் யார் வேண்டும் என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முன்பு கூட வேலை பார்த்த ஒரு தோழியின் பெயரைச் சொன்னார். எங்கள் பட்டியலில் அவர் இல்லவே இல்லை. இன்னொரு பக்கம் பெரிய மாமா. பேரன் எதிரில் இருந்தால் போதுமாம். நாங்கள் மூன்று பேரும் எங்கே உட்காரவேண்டும் என்று சொல்லவே இல்லை, தம்பிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

தோழிக்கு ராத்திரி வெளியே வருவது கஷ்டம். ஆகவே மதியம். பகல்கனவு கட்சிக்கு வாழ்த்துகள். இப்போது பதினைந்து பேர், மேசை இரண்டா ஒன்றா என்பதில் எட்டாவது மாடியும் அக்காவும் ஒரே அணி, அதனால் ஒன்றுதான், அம்மா நடுவில். பழக்கமான இடத்துக்கே போகிறோம். ஓரத்து நாற்காலி சத்தத்தைப் பற்றிச் சொன்னதை மனதில் வைத்து, ஃபோனில் ஒலி அளக்கும் செயலியோடு அதே மதியநேரத்தில் போய்ப் பார்த்தேன், உள்மூலையில் 65க்குக் கீழே இருந்தது. காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் 78. மூலையைக் கேட்டு வாங்கியாயிற்று.

எட்டாவது மாடி

தோழி வருவது நல்லது, அதை மறுக்கவில்லை. ஆனால் என் கருத்து மாறவில்லை. இது நல்ல மதியச் சாப்பாடு, எழுபதாவது பிறந்தநாள் இல்லை. மேலாளர் சார் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நான்கு பேர் என்றால் நட்சத்திர இடம். அதே மாதத்தில் வேறொரு இரவு, அம்மாவும் நீங்கள் மூன்று பேரும் மட்டும் போங்கள். தம்பியின் வருத்தமும் தீரும்.

குறுக்குக்கேள்வி

அப்படியானால் அம்மா "எதுக்கு இவ்வளவு செலவு" என்பதை இரண்டு முறை சொல்வார்.

எட்டாவது மாடி

சொல்லட்டும். விலை போடாத அட்டை கேட்டு வாங்குங்கள். இந்த மாதிரி இடங்களில் பலவும் இத்தனை வாரத்துக்கு முன்னால் என்று ஒரு நாள் வைத்து முன்பதிவைத் திறக்கும், திறந்த கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிடும். தம்பியை இன்றைக்கே அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.